வண்டியைக் கத்தியால் குறைக்கலாமா?

ஊரில் நாம் 'வண்டி' என்போம்; தமிழ்நாட்டில் 'தொப்பை' என்பார்கள். பெயர் எதுவானாலும், நாற்பதைத் தாண்டிய எமது ஆண்களிலும் இரண்டு பிள்ளை பெற்ற எமது பெண்களிலும் அது இல்லாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். முன்பெல்லாம் அதைப் பற்றிப் பகிடி விடுவதோடு சரி. இப்போது சிட்னியிலும் மெல்பேர்ணிலும் திருமண மண்டபங்களில், சங்க நிகழ்வுகளின் தேநீர் வேளையில், மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. "அதை ஒப்பரேஷன் செய்து எடுக்கலாமாமே, உண்மையோ?"

உண்மைதான். ஆனால் எதை எடுக்கலாம், எதை எடுக்க முடியாது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான டொலர்களைக் கட்டிய பிறகு அதை அறிந்துகொள்வதைவிட, இம்மாதச் சுகநலப் பக்கத்தில் அறிந்துகொள்வது மலிவு.

மூன்று வயிறுகள்

ஒரே வண்டியாகத் தெரிவதற்குள் மூன்று வேறு விடயங்கள் இருக்கக்கூடும். முதலாவது, தோலும் அதன் அடியில் உள்ள கொழுப்பும். கையால் கிள்ளிப் பிடிக்க முடிவது இதுதான். இரண்டாவது, தசை விலகல். வயிற்றின் நடுவே மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு தசைப்பட்டிகள் கர்ப்ப காலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, பிறகு முழுதாகச் சேராமல் நின்றுவிடும். மூன்றாவது, தசைச்சுவருக்கும் உள்ளே குடலையும் ஈரலையும் சுற்றிப் படியும் உட்கொழுப்பு. இதைக் கிள்ள முடியாது. வயிறு பானைபோல முன்தள்ளி, தட்டினால் இறுக்கமாக இருக்கும்.

இந்த மூன்றாவது வகைதான் எமது இனத்தவருக்குத் தனிச்சொத்துப்போல வாய்த்திருக்கிறது. 2004 இல் 'லான்செற்' மருத்துவ இதழில் ஒரு படம் வெளிவந்தது. புனே நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த வைத்தியர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் யட்கினும் அருகருகே நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. ஒன்றேதான், 22.3. பார்வைக்கு இருவருமே மெலிந்தவர்கள். ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2 சதவீதம். தராசு ஒன்றையே சொல்ல, உள்ளிருப்பது வேறாக இருந்தது. இதனால்தான் தெற்காசியரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றருக்கும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட இடுப்புச் சுற்றளவை ஆபத்து எல்லையாகக் கொள்கிறார்கள். அளவு நாடாவைக் காற்சட்டை கட்டும் இடத்தில் பிடிக்கக்கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட பிறகு பிடிக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பவர்கள் ஏமாற்றுவது நாடாவை மட்டுமே.

கொழுப்பை உறிஞ்சுதல்

'லைப்போசக்ஷன்' என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள் இப்போது குறைவு. இதன் கதை விபத்தில் தொடங்குகிறது. 1920களில் பாரிஸ் நகரில் ஒரு நடனக் கலைஞரின் கால்களில் இருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க ஒரு சத்திரசிகிச்சையாளர் முயன்றார். இரத்தக் குழாய் சேதமாகிக் கால் அழுகியது; அதை அகற்ற நேர்ந்தது. அதன்பின் பல தசாப்தங்கள் எவரும் துணியவில்லை. 1970களின் நடுப்பகுதியில் இத்தாலியில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சு குழாயை அமைத்தார்கள். 1977 அளவில் பிரான்ஸில் இல்லூஸ் என்பவர் மழுங்கிய முனையுள்ள குழாயைக் கொண்டு, குழாய்களையும் நரம்புகளையும் அறுக்காமல் கொழுப்பை மட்டும் எடுக்கும் முறையைப் பரப்பினார்.

அப்போதும் இரத்த இழப்பு பெரும் பிரச்சினையாகவே இருந்தது. உறிஞ்சி எடுப்பதில் கால்பங்கு, சிலவேளை அதற்கு மேலும் இரத்தமாக இருக்கும். அதை மாற்றியவர் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த தோல் வைத்தியர் ஜெஃப்ரி கிளைன். உப்புநீரில் மிகச் சிறிய அளவு அட்ரினலினையும் விறைப்பு மருந்தான லிக்னோகெய்னையும் கலந்து, கொழுப்புப் படை ஊதி இறுகும்வரை செலுத்திவிட்டுக் காத்திருப்பது அவருடைய முறை. 1987 இல் அதை வெளியிட்டார். அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் இரத்த இழப்பு சுமார் ஒரு சதவீதமாக இறங்கியது. இன்று உலகெங்கும் செய்யப்படுவது பெரும்பாலும் இதன் வழிவந்ததுதான். லேசர், அல்ட்ராசவுண்ட் என்று விளம்பரங்களில் வரும் பெயர்கள் குழாயின் முனையில் உள்ள வேறுபாடுகள். அடிப்படை மாறவில்லை.

ஆபத்தும் அதே திரவத்தில்தான் இருக்கிறது. லிக்னோகெய்ன் அளவு மிஞ்சினால் இதயத்தையும் மூளையையும் தாக்கும். செலுத்திய நீர் உடலில் அதிகம் தேங்கினால் நுரையீரல் திணறும். ஒரே தடவையில் ஐந்து லீற்றருக்கு மேல் எடுப்பதென்றால் வைத்தியசாலையில் இரவு தங்கவைத்துக் கண்காணிக்க வேண்டும் என்று அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையாளர் சங்கம் சொல்வது இதனால்தான். "எவ்வளவு எடுக்க முடியுமோ அவ்வளவையும் எடுத்துவிடுங்கோ" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இது ஒருவரை மெலியவைக்கும் சிகிச்சை அல்ல. ஏறக்குறைய சரியான எடையில் இருப்பவருக்கு, உணவாலும் நடையாலும் கரையாத ஓரிரு இடங்களைச் சீர் செய்யும் வேலை.

பாரமான செய்திகளும் உண்டு. 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015 ஜூனில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் காலமானார். வயது 31. அதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் லைப்போசக்ஷன் செய்திருந்தார். மூச்சுத்திணறலால் அவதிப்பட்டதாகச் செய்திகள் கூறின. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் ஒரு தனியார் நிலையத்தில் கொழுப்பு அகற்றும் சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். வயது 21. பெற்றோருக்குச் சொல்லாமலே போயிருந்தார். இருவருமே இளம் பெண்கள். உருவமே தொழிலாக இருந்தவர்கள்.

நீரிழிவு குறையுமா?

எமது குடும்பங்களில் இந்தக் கேள்விதான் அதிகம். "கொழுப்பை எடுத்துவிட்டால் சீனி வருத்தமும் குறையுந்தானே?" நியாயமான எண்ணம். அதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் சென்ற் லூயிஸ் நகரில் சாமுவேல் கிளைன் என்பவரின் குழு (முன்பு சொன்ன கிளைன் வேறு, இவர் வேறு) உடற்பருமன் கொண்ட 15 பெண்களின் வயிற்றில் இருந்து ஆளுக்குப் பத்துக் கிலோ அளவில் கொழுப்பை எடுத்தது. அவர்களில் 7 பேர் நீரிழிவு உள்ளவர்கள். பத்துப் பன்னிரண்டு கிழமைகளுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது இன்சுலின் வேலை செய்யும் திறனிலோ இரத்த அழுத்தத்திலோ கொலஸ்ட்ரோலிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. 2004 இல் வெளியான இந்த ஆய்வு சிறியது, ஆனால் கவனமாகச் செய்யப்பட்டது. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதல்ல. குழாய் போவது தோலுக்கும் தசைக்கும் இடையில். சீனியையும் இதயத்தையும் கெடுக்கும் கொழுப்பு தசைக்கு உள்ளே. அங்கே குழாயை விடவே முடியாது. விட்டால் குடலில் துளை விழும்.

இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2011 இல் வெளியானதில், தொடையிலும் அடிவயிற்றிலும் இருந்து கொழுப்பு எடுத்த பெண்களை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். எடுத்த அளவு கொழுப்பு உடலுக்குத் திரும்பி வந்திருந்தது. ஆனால் தொடைக்குத் திரும்பவில்லை. வயிற்றில் போய்ச் சேர்ந்திருந்தது. பிரேசிலின் சாவோ பாவுலோவில் 2012 இல் வெளியானதில், சிகிச்சைக்குப் பின் உடற்பயிற்சி செய்யாத பெண்களுக்கு ஆறு மாதத்தில் உட்கொழுப்பு சுமார் பத்து சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி செய்தவர்களுக்குக் கூடவில்லை. அதாவது வெளியே எடுத்துவிட்டு வீட்டில் இருந்தால், உள்ளே ஏறுகிறது. மூன்றாவது வயிற்றுக்காரருக்கு இதைவிட மோசமான பேரம் இருக்க முடியாது. அவர் பார்க்க வேண்டியவர் குடும்ப வைத்தியர், உணவு ஆலோசகர், அவசியமானால் எடை குறைப்பு மருந்து அல்லது இரைப்பைச் சத்திரசிகிச்சை செய்பவர். சோற்றுக் கோப்பையின் அளவையும் கொஞ்சம் பார்க்கலாம்.

தாய்மாரின் வயிறு

இனி இரண்டாவது வயிறு. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் இதைப் பற்றித்தான் எம்மவர் பேசுவதே இல்லை.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தசைகள் விலகியிருப்பது இயல்பு. பெரும்பாலானோருக்கு முதல் சில மாதங்களில் தானாகவே நெருங்கிவிடும். நெருங்காதவர்களுக்கு, பிள்ளை ஐந்தாம் வகுப்புப் போன பிறகும் "எத்தனை மாதம்?" என்று யாராவது கேட்பார்கள். அது மனவருத்தம். அதற்கு மேலும் உண்டு: தீராத நாரி வலி, தும்மினால் சிந்தும் சிறுநீர், பிள்ளையைத் தூக்கினால் நடு வயிறு கூம்புபோல் புடைப்பது. எமது அம்மாமார் பிள்ளை பெற்றவளுக்குச் சேலைத் துணியால் வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அது அந்த நேரத்துக்கு ஆதரவாக இருந்தது. விலகிய தசையை அது சேர்த்துவிடும் என்று சொல்வதற்கில்லை. இங்கே தனியாகப் பிள்ளை வளர்க்கும் இளம் தாய்மாருக்கு அந்தக் கட்டும் இல்லை, கட்டிவிடும் கையும் இல்லை.

நீங்களே பார்க்கலாம். முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தலையை மட்டும் சற்று உயர்த்தி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்து அழுத்துங்கள். இரு தசைகளுக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் பள்ளமாக இறங்கினால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். முதலில் இயன்மருத்துவரிடம் அனுப்புவார். அது நியாயமான முதற்படி. மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் குறையாதவர்களுக்கே சத்திரசிகிச்சை.

அதன் பெயர் 'அப்டொமினோபிளாஸ்ரி'. பேச்சுவழக்கில் 'டம்மி டக்'. முழு மயக்கத்தில் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் ஆகும். அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பில் இருந்து மற்றதுவரை கிடையாக வெட்டி, தோலையும் கொழுப்பையும் விலாவரை மேலே தூக்குவார்கள். விலகிய தசைகளை நடுக்கோட்டில் நிலையான நூலால் தைத்துச் சேர்ப்பார்கள். பிறகு தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி, தொப்புளுக்குப் புதிதாக வாசல் திறந்து தைத்து முடிப்பார்கள். தொப்புள் இடம் மாறுவதில்லை. அதைச் சுற்றிய தோல்தான் மாறுகிறது.

இந்தச் சத்திரசிகிச்சைக்கும் மெடிக்கெயாருக்கும் இடையே ஒரு வழக்கே நடந்தது எனலாம். 2016 ஜனவரியில், பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான வயிற்றுச் சீரமைப்பு அழகுக்கானது என்று கருதப்பட்டு மெடிக்கெயார் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் ஒன்பது பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 214 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2018 இல் வெளியிட்டார்கள். நாரி வலியும் சிறுநீர்க் கசிவும் ஆறு கிழமையிலேயே வெகுவாகக் குறைந்து, ஆறு மாதத்திலும் அப்படியே இருந்தன. சிகிச்சை பெறாதவர்களோடு ஒப்பிடவில்லை என்பது அந்த ஆய்வின் குறை. இருந்தாலும் அது காதில் விழுந்தது. 2022 ஜூலை 1 முதல் 30175 என்ற புதிய இலக்கத்தோடு அது பட்டியலுக்குத் திரும்பியது. நிபந்தனைகள் உண்டு. ஸ்கேன் பரிசோதனையில் விலகல் குறைந்தது 3 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். வலியோ சிறுநீர்ப் பிரச்சினையோ பதிவாகியிருக்க வேண்டும். இயன்மருத்துவம் உட்பட்ட சிகிச்சைகளால் பலன் இல்லாமற் போயிருக்க வேண்டும். கடந்த 12 மாதத்தில் கர்ப்பம் இருந்திருக்கக்கூடாது. வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே. எனவே நாரி வலியை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லாத பெண்ணுக்கு, அது பதிவில் இல்லாத காரணத்தாலேயே இந்த உதவி கிடைக்காமல் போகும்.

பெரிதாக எடை குறைத்தவர்களுக்கு வேறு இலக்கம், 30177. இரைப்பைச் சத்திரசிகிச்சையாலோ, இப்போது பரவலாகியிருக்கும் ஊசிகளாலோ, தம் முயற்சியாலோ மெலிந்து, தோல் மடிப்பாகத் தொங்குபவர்களுக்கானது. பி.எம்.ஐ. குறைந்தது ஐந்து அலகு இறங்கி, எடை ஆறு மாதம் ஏறாமல் இறங்காமல் நின்று, மடிப்புக்குள் தோல் வெந்து புண்ணாகி, மூன்று மாத மருந்துக்கும் கேட்காமல், அன்றாட வாழ்வுக்கு இடைஞ்சலாக இருந்தால் உரியது. தனியார் காப்புறுதி உள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எடை குறைந்ததால் மிஞ்சிய தோலை அகற்றுவது 'எடை குறைப்புச் சத்திரசிகிச்சை' என்ற பிரிவில் வருகிறது. அதைக் 'கோல்ட்' திட்டம்தான் கட்டாயமாக உள்ளடக்க வேண்டும். வைத்தியரிடம் இலக்கத்தை எழுதி வாங்கிக் காப்புறுதி நிறுவனத்திடம் கேளுங்கள். அழகுக்காக மட்டும் செய்வதற்கு மெடிக்கெயார் ஒரு சதமும் தராது.

அந்த எடை குறைப்பு ஊசிகளைப் போடுபவர்கள் மயக்கமருந்து நிபுணரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவை இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்தும். வழமைபோல் பட்டினி இருந்தாலும் வயிற்றில் உணவு மிஞ்சியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகக்கூடும். கூச்சத்தில் இதை மறைப்பவர்கள் உண்டு என்று வைத்தியர்களே சொல்கிறார்கள்.

பிறகு என்ன நடக்கும்?

விளம்பரப் படங்களில் முன்னும் பின்னும் இருக்கும். நடுவில் உள்ள ஆறு கிழமை இராது. டம்மி டக் செய்தவர் முதற்கிழமை நிமிர்ந்து நடக்க முடியாது, கூனிக்கொண்டே நடப்பார். பெரும்பாலும் இரு பக்கமும் வடிகுழாய் இருக்கும். இறுக்கமான உடுப்பைக் கிழமைக்கணக்கில் அணிய வேண்டும். கார் ஓட்டச் சில கிழமை, பாரம் தூக்க ஆறு கிழமை ஆகும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஊரிலிருந்து அம்மா வந்து நிற்கும் காலத்தில் செய்வது புத்திசாலித்தனம்.

அடிக்கடி வரும் சிக்கல், தோலுக்கடியில் நீர் தேங்குவது. ஊசியால் எடுத்துவிடலாம், ஆனால் பல தடவை போக வேண்டிவரும். தோலைப் படிப்படியாகத் தசையோடு உள்ளே தைத்து இணைக்கும் முறையை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொலொக் என்ற தந்தையும் மகனும் எழுதினார்கள். அதனால் இது குறைந்திருக்கிறது. தொப்புளுக்குக் கீழே மாதக்கணக்கில் விறைப்பு இருக்கும்; சிலருக்கு முழுதாக உணர்வு திரும்பாது. புகைப்பவர்களுக்கும் சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் வெட்டு ஓரம் கறுத்துப் பிரியும். புகையைக் குறைந்தது நான்கு கிழமைக்கு முன் நிறுத்தாவிட்டால் நல்ல சத்திரசிகிச்சையாளர் கத்தியைத் தொடமாட்டார். பெரிய பயம் கால் நாளத்தில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. அழகுச் சிகிச்சைகளில் அந்த ஆபத்து அதிகமானவற்றுள் டம்மி டக்கும் ஒன்று. கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ, நெஞ்சு குத்தினாலோ கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்துக்கொண்டிருக்காமல் 000 ஐ அழையுங்கள்.

எமது தோலின் குணத்தையும் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் தழும்பு தடித்து எழுவதும் கறுத்து நிற்பதும் வெள்ளையரைவிட அதிகம். கண்ணாடியில் உங்கள் பி.சி.ஜி. ஊசித் தழும்பையும் காது குத்திய இடத்தையும் சிசேரியன் வெட்டையும் பாருங்கள். அவை புடைத்து வளர்ந்திருந்தால் புதிய வெட்டும் அப்படி வளரக்கூடும். முதல் சந்திப்பிலேயே வைத்தியருக்குக் காட்டுங்கள். சிலிக்கன் ஜெல்லோ பட்டையோ மாதக்கணக்கில் பாவிக்கச் சொல்வார்கள். சேலை உடுப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: சத்திரசிகிச்சைக்கு முன் கோடு வரையும்போது, வழமையாகப் பாவாடை நாடா கட்டும் இடத்தைக் காட்டுங்கள். வெட்டு அதற்குக் கீழே அமைந்தால் தழும்பும் தெரியாது, நாடாவும் அதில் உராயாது. இங்குள்ள சத்திரசிகிச்சையாளர்கள் நீச்சலுடையை மனத்தில் வைத்தே வரைகிறார்கள். சேலையைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும்.

யாரிடம் போவது?

நீண்ட காலமாக இந்த நாட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. மருத்துவப் பட்டம் பெற்ற எவரும், சத்திரசிகிச்சைப் பயிற்சி இல்லாமலே, தம்மை 'கொஸ்மெற்றிக் சேர்ஜன்' என்று அழைத்துக்கொள்ளலாம். 2021 ஒக்ரோபரில் ஏ.பி.சி.யின் 'ஃபோர் கோர்னர்ஸ்' நிகழ்ச்சியும் சிட்னி, மெல்பேர்ண் நாளிதழ்களும் சேர்ந்து லைப்போசக்ஷன் நிலையங்களுக்குள் நடந்தவற்றை வெளிக்கொண்டு வந்தபோது நாடே அதிர்ந்தது. வைத்தியர்களைப் பதிவுசெய்யும் 'ஆப்ரா' அமைப்பும் மருத்துவச் சபையும் அமைத்த சுயாதீன ஆய்வு 2022 செப்ரெம்பரில் 16 பரிந்துரைகளைத் தந்தது, எல்லாமே ஏற்கப்பட்டன.

2023 ஜூலை 1 முதல் புதிய விதிகள் நடைமுறையில் உள்ளன. குடும்ப வைத்தியரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் அழகுச் சத்திரசிகிச்சை இல்லை. சத்திரசிகிச்சைக்கு முன் குறைந்தது இரண்டு சந்திப்புகள். ஒன்றிலாவது கத்தி பிடிக்கப்போகும் அதே வைத்தியரை நேரில் பார்க்க வேண்டும். முதற்சந்திப்பிலேயே சம்மதக் கையொப்பம் கேட்கக்கூடாது. கையொப்பமிட்ட பின்னும் ஏழு நாள் அவகாசம் உண்டு. அது முடியுமுன் திகதி குறிக்கவோ முற்பணம் வாங்கவோ கூடாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்று மாதம். தம் உடலைப் பற்றிய தவறான எண்ணத்தால் வருந்தும் மனநோய் உள்ளவரா என்றும் சோதிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு எந்தக் கத்தியும் நிம்மதி தராது. 2023 செப்ரெம்பரில் நிறைவேறிய சட்டத்தால் 'சேர்ஜன்' என்ற பட்டமும் காக்கப்பட்டது. சத்திரசிகிச்சை, மகப்பேற்று, கண் மருத்துவ நிபுணர்களாகப் பதிவு பெற்றவர்களே அதைப் பாவிக்கலாம். மீறினால் 60,000 டொலர் வரை தண்டம், மூன்றாண்டு வரை சிறை.

"இன்றே முற்பணம் கட்டினால் விலைக்கழிவு" என்று யாராவது சொன்னால், அவர் விதியை மீறுகிறார், எழுந்து வந்துவிடுங்கள். ஆப்ராவின் இணையத்தளத்தில் வைத்தியரின் பெயரைத் தேடினால், எந்தத் துறையில் நிபுணர், அவருடைய பதிவில் நிபந்தனை உண்டா என்பது தெரியும். பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் நிபுணர் என்றும், பெயருக்குப் பின் எஃப்.ஆர்.ஏ.சி.எஸ். என்றும் இருப்பவர் பல்லாண்டுப் பயிற்சி பெற்றவர். இரண்டு நிமிட வேலை. வீடு வாங்க ஆறு மாதம் சனிக்கிழமைதோறும் அலையும் நாம், வயிற்றைக் கொடுக்க இரண்டு நிமிடம் செலவிடலாம்.

சென்னை, கொழும்பு, பாங்கொக்கில் மலிவு என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. சென்னையில் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. கேள்வி திறமை பற்றியது அல்ல, நாட்களைப் பற்றியது. நான்கு கிழமை விடுமுறையில் கலியாண வீடு, கோயில் திருவிழா, உறவினர் வீடுகள் இவற்றுக்கு இடையில் இதையும் செருகினால், நீர் தேங்குவதும் கிருமி தொற்றுவதும் விமானம் ஏறிய பிறகே தெரியவரும். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் நீண்ட விமானப் பயணமே இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். வெளிநாட்டில் செய்ததற்கு மெடிக்கெயார் பணம் தராது. பயணக் காப்புறுதிகளும் பெரும்பாலும் இதற்குக் கைகொடுக்கா. அப்படியும் போவதென்று முடிவெடுத்தால், சத்திரசிகிச்சை அறிக்கையை அச்சில் வாங்கி வாருங்கள். என்ன செய்யப்பட்டது என்று தெரியாத வயிற்றைத் திறக்க இங்குள்ள வைத்தியர் தயங்குவார்.

கடைசியாக, அண்மையில் திருமணமாகி வந்த இளம் பெண்களுக்கும் ஆங்கிலம் தடுமாறும் தாய்மாருக்கும் ஒரு தகவல். சிறுநீர் கசிவதையும் நாரி வலியையும் கணவனோ மகனோ மொழிபெயர்க்க, வைத்தியரிடம் சொல்வது எவருக்கும் கடினம், பாதியை விழுங்கிவிடுவார்கள். மெடிக்கெயாரில் குடும்ப வைத்தியரைப் பார்க்கும்போது, அரசின் ரி.ஐ.எஸ். சேவையின் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இலவசமாகப் பெறலாம். நேரம் குறிக்கும்போதே "தமிழ் இன்ரர்பிரிற்றர்" வேண்டும் என்று வரவேற்பாளரிடம் சொல்லுங்கள்; பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் அப்போதே கேட்டுப் பாருங்கள்.